மணல்மேட்டில் வண்டி ஓட்டுவது எப்படி?

ராஜஸ்தானில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில் இப்போது நான்கு சக்கரங்களும் இழுக்கும் ஜீப் வகை வண்டிகள் உள்ளன. குளிர்காலத்தில் வெள்ளிக்கிழமை ஜோத்பூரில் கிளம்பி, ஏறக்குறைய 280 கிலோமீட்டர் தாண்டி ஜெய்சல்மேரில் தங்கி, சனி, ஞாயிறு மணல்மேடுகளில் ஓட்டிவிட்டுத் திரும்புவது வழக்கமாகி வருகிறது. சென்ற குளிர்காலத்தில் நானும் என் துணைவியாரும் மூன்று நண்பர் குடும்பங்களுடன் குரி கிராமத்துப் பக்கம் சென்று வந்தோம். இனிச் செல்ல இருக்கும் அன்பர்களுக்குப் பயன்படட்டும் என்று சில அடிப்படைகளை இங்கே தருகிறேன்.

1. எடையைப் பரப்புதல்

ரயில் பாதையில் எஞ்சினின் எடையைத் தண்டவாளமும் ஸ்லீப்பரும் ஜல்லியும் படிப்படியாகப் பரப்பி மண்ணுக்குக் கொடுக்கின்றன. மணலில் அந்த வேலையை டயர் ஒன்றே செய்தாக வேண்டும். 1,800 கிலோ எடையுள்ள வண்டியில் ஒவ்வொரு டயரும் சுமார் 450 கிலோ தாங்குகிறது. காற்று 32 பவுண்டு இருந்தால் டயர் தரையில் படும் பரப்பு ஏறக்குறைய 200 சதுர சென்டிமீட்டர். அதை 16 பவுண்டாகக் குறைத்தால் பரப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். மணலின் மீது அழுத்தம் பாதியாகும். ஆகவே மணலில் இறங்குமுன் காற்றைக் குறைப்பதே முதல் வேலை. மிகவும் குறைத்தால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். எனவே 15 பவுண்டுக்குக் கீழே போகாதிருப்பது நலம்.

2. சக்கரம் வீணாகச் சுழலக் கூடாது

ரயில் எஞ்சின் சக்கரம் வழுக்கினால் டிரைவர் தண்டவாளத்தில் மணல் தூவுவார். அங்கே மணல் பிடிப்பைத் தருகிறது, ஏனெனில் அதற்குக் கீழே இரும்பு இருக்கிறது. இங்கே கீழேயும் மணல்தான். சுழலும் சக்கரம் தன் பள்ளத்தைத் தானே தோண்டிக் கொள்ளும். தாழ்ந்த கியரில் சீரான வேகத்தில் செல்லுங்கள். நிறுத்த வேண்டுமானால் பிரேக்கை அழுத்தாமல் ஆக்சிலரேட்டரை விடுங்கள். வண்டி தானே நிற்கும். இறக்கத்தைப் பார்த்து நிறுத்தினால் மீண்டும் கிளப்புவது எளிது.

3. மேட்டின் உச்சி

காற்று வீசும் பக்கம் சரிவு குறைவாகவும் மணல் கெட்டியாகவும் இருக்கும். மறுபக்கம் செங்குத்தாகவும் இளகியும் இருக்கும். மேட்டில் நேராக ஏறி நேராக இறங்க வேண்டும்; குறுக்கே ஓட்டினால் வண்டி உருண்டுவிடும். அப்பால் என்ன இருக்கிறதென்று தெரியாமல் உச்சியைத் தாண்டவே கூடாது. எங்கள் குழுவில் என் துணைவியார் முதலில் நடந்து ஏறிப் பார்த்து, ஓரமாக நின்று பச்சைத் துணி காட்டிய பிறகே வண்டி ஏறும். கார்டு கொடி காட்டாமல் வண்டி புறப்படாது அல்லவா!

4. புதைந்துவிட்டால்

இரண்டாம் நாள் நண்பர் ஒருவரின் வண்டி ஆக்சில் வரை புதைந்தது. அவர் உடனே எஞ்சினை நிறுத்தினார். அது சரியான செயல். மண்வெட்டியால் சக்கரங்களின் முன்னும் பின்னும், வண்டியின் வயிற்றடியிலும் மணலை அகற்றி, வந்த தடத்திலேயே பின்னோக்கி எடுத்தோம். கயிறு தேவைப்படவில்லை. கயிறு கட்டி இழுக்க நேர்ந்தால் சேஸில் உள்ள கொக்கியில் மட்டும் கட்டுங்கள். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கட்டினால் அது முறிந்து குண்டு போலப் பாயும். கயிற்றின் அருகே யாரும் நிற்கக் கூடாது.

5. திரும்பும்போது காற்று

பலரும் மறப்பது இதைத்தான். காற்றுக் குறைந்த டயர் தார்ச்சாலையில் வேகமாக ஓடினால் பக்கச்சுவர் ஓயாமல் மடிந்து விரிந்து சூடேறி வெடிக்கும். வண்டியில் குழந்தைகள் தூங்கிக் கொண்டிருப்பார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். ஞாயிறு மாலை, இருட்டுவதற்குள் ஜெய்சல்மேர் போய் அங்கே காற்றடித்துக் கொள்ளலாம் என்றார் ஒரு நண்பர். "அண்ணா, காற்றடிக்காமல் ஒரு வண்டியும் நகரக் கூடாது" என்று என் துணைவியார் உறுதியாகச் சொல்லிவிட்டார். கம்ப்ரஸர் ஒன்றே ஒன்று. நான்கு வண்டிகளுக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இருட்டிய பிறகே புறப்பட்டோம். அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை.

6. ஊருக்கு மரியாதை

தேசிய பாலைவனப் பூங்காவுக்குள் அனுமதியின்றி நுழையாதீர்கள். அழிவின் விளிம்பில் உள்ள கானமயில் வாழும் இடம் அது. ஊராரைக் கேட்டு அவர்கள் காட்டும் மேடுகளில் மட்டும் ஓட்டுங்கள். புல்லையும் புதரையும் நசுக்காதீர்கள். மணலைப் பிடித்து வைத்திருப்பவை அவைதாம். இங்கே கேஜ்ரி என்பார்களே, அது நாம் கோயில்களில் தலவிருட்சமாக வணங்கும் வன்னிதான். ராஜஸ்தானின் மாநில மரமும் அதுவே. அதில் கயிறு கட்டி வண்டியை இழுக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. ஒற்றை வண்டியாகப் போக வேண்டாம். மண்வெட்டி, கம்ப்ரஸர், காற்று அளவி, ஆளுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் அவசியம். கணவருக்கு மட்டுமன்றி மனைவிக்கும் இவை அனைத்தும் தெரிந்திருக்க வேண்டும். ஓட்டுபவருக்கே அடிபட்டால் குடும்பத்தை ஊர் சேர்க்க வேண்டியவர் அவர்தான்.