ஆர்க்கிட் செடிகளைக் காத்தல்

நெல்லும் ஆர்க்கிட் செடியும் ஒருவித்திலைத் தாவர வகுப்பைச் சேர்ந்தவை. நெல்மணியில் முளைக்கு வேண்டிய மாவுச்சத்து அடங்கியுள்ளது. தூசியொத்த ஆர்க்கிட் விதையில் அஃதில்லை. ஒருவகைப் பூஞ்சணத்தின் உதவியின்றி இயற்கையில் அது முளைப்பதில்லை. ஆகையால், பறித்த செடிக்கு ஈடாக மற்றொன்று தோன்றுவது அரிது.

தெற்கே அகத்தியமலையில் வளரும் மஞ்சட்பூ ஆர்க்கிட் இதற்குச் சான்றாகும். 1874-ல் பெட்டோம் என்பார் இதனைச் 'சிப்ரிபீடியம் டுரூரி' எனப் பெயரிட்டு விவரித்தார். 1892-ல் இது 'பாபியோபெடிலம்' பேரினத்திற்கு மாற்றப்பட்டது. தென்னிந்தியாவில் அப்பேரினத்திற்கு இவ்வினமொன்றே உண்டு. வியாபாரத்திற்காகப் பெயர்த்தெடுத்தமையால் இது அழியுந் தறுவாயை அடைந்துள்ளது.

சமவெளியில் மரக்கிளைகளைப் பற்றி வளரும் 'வாண்டா' ஆர்க்கிட் புல்லுருவியன்று. புல்லுருவி கிளையினுள் ஊன்றிச் சாற்றை உறிஞ்சும். வாண்டாவின் பருத்த வேர்களோ பட்டையின் மேலேயே படரும். தஞ்சை ஜில்லா விவசாயிகள் மாந்தோப்புகளில் புல்லுருவியைக் களையுங்கால் இதனை வெட்டாது விடுதல் வேண்டும்.