மலைப்பாதை வண்டியின் சாய்வுத் தடைக் கம்பி
கழற்றும் முறையும், கழற்றலாகாத இடங்களும்

ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் பெருஞ்சாலை கொட்டகலையைக் கடந்து தலவாக்கலை நோக்கி வளைந்து இறங்குகிறது. அச்சாலையில் ஓடும் வண்டி ஒன்றே பக்கத்துத் தோட்டப் பாதையில் திரும்பியதும் முற்றிலும் வேறான நிலத்தைச் சந்திக்கிறது. சாலை தாரிட்டது, பாதையோ கல்லும் மண்ணுமானது. சாலையில் நான்கு சக்கரங்களும் ஒரே மட்டத்தில் உருளும். பாதையில் ஒரு சக்கரம் பாறை மீதும், மற்றொன்று குறுக்குக் கானிலும் நிற்கும். இவ்விரு நிலங்களுக்கும் ஒரே வண்டி எவ்வாறு பொருந்தும் என்பதை அறிய, வண்டியின் அடியிலுள்ள ஒரு சிறு உறுப்பைப் பற்றி அறிதல் வேண்டும். அதுவே சாய்வுத் தடைக் கம்பி. கராஜ் வேலைக்காரர் இதனை ஸ்டெபிலைசர் கம்பி என்பர்.

கம்பியின் அமைப்பு

இது வில்லெஃகினால் ஆன தடித்த கம்பி. 'ப' வடிவில் வளைந்திருக்கும். அதன் நடுப்பகுதி செசி என்னும் அடிச்சட்டத்தின் குறுக்கே இரு ரப்பர் புஷ்களில் தாங்கப்பட்டிருக்கும். இரு முனைகளும் குட்டையான இணைப்புத் தண்டுகளின் மூலம் இடப்பக்கத்துச் சக்கரத் தாங்கியுடனும், வலப்பக்கத்துச் சக்கரத் தாங்கியுடனும் பூட்டப்பட்டிருக்கும். கனடா நாட்டின் ஃபிரெடரிக்டன் நகரத்தைச் சேர்ந்த ஸ்டீபன் கோல்மன் என்பவர் இத்தகைய கம்பிக்கு 1919ஆம் ஆண்டில் உரிமைப் பட்டயம் பெற்றார். இன்று கார், ஜீப், சிறு லொறி முதலிய பெரும்பாலான வண்டிகளில் இதனைக் காணலாம்.

இதன் தொழிலை எளிய சோதனையால் அறியலாம். ஒரு முழ நீளமுள்ள கம்பியை 'ப' வடிவில் வளைத்து, நடுப்பகுதியை மேசை விளிம்பில் இறுகாமல் பிடித்துக்கொள்க. இரு முனைகளையும் ஒன்றாய் உயர்த்தினால் கம்பி தடையின்றிச் சுழலும். ஒரு முனையை மட்டும் உயர்த்தினால் மறு முனையும் கூடவே எழ முயலும். மறு முனையை விரலால் அழுத்திப் பிடித்தால் கம்பி முறுகும். கையில் எதிர்ப்பு உணரப்படும். வண்டியிலும் நிகழ்வது இதுவே. இரு சக்கரங்களும் ஒருங்கே ஏறி இறங்கும்போது கம்பி வாளாவிருக்கும். ஒன்று ஏறி மற்றொன்று தாழும்போதே அது முறுகி எதிர்க்கும்.

கம்பியின் பருமனும் கவனிக்கத்தக்கது. முறுக்கை எதிர்க்கும் வலிமை, விட்டத்தின் நான்காம் மடிக்கு ஏற்ப வளர்வது. 20 மில்லிமீற்றர் கம்பிக்குப் பதிலாக 22 மில்லிமீற்றர் கம்பியைப் பூட்டினால், விட்டம் பத்தில் ஒரு பங்கே கூடினும், எதிர்ப்பு ஏறத்தாழ 46 சதவீதம் கூடும். ஆதலால் கைக்குக் கிடைத்த கம்பியை மாற்றிப் பூட்டுதல் தவறாகும்.

சாலையில் இதனால் விளையும் நன்மை

வளைவில் திரும்பும் வண்டி வெளிப்பக்கமாய்ச் சாய முயலும். வெளிப்பக்க வில் அமுங்கும். உட்பக்க வில் நிமிரும். அவ்வேளையில் கம்பி முறுகிச் சாய்வைக் குறைக்கும். இச்சாய்வை உண்டாக்கும் விசை எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தல் நன்று. 1,000 கிலோ எடையுள்ள வண்டி 10 மீற்றர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் திரும்பினால், ஏறத்தாழ 177 கிலோ எடைக்குச் சமமான விசை அதனைப் பக்கவாட்டில் தள்ளும். வேகம் 30 கிலோமீற்றர் ஆனால் அவ்விசை இரு மடங்கன்று, நான்கு மடங்காகி 708 கிலோ எடைக்குச் சமமாகும். மலைநாட்டு வளைவுகளில் வேகம் உயிரைக் கொள்ளுவது இக்காரணத்தினாலேயே.

பாதையில் இதனால் விளையும் இடையூறு

கரடுமுரடான பாதையில் இதே கம்பி தடையாகிறது. முன் இடச்சக்கரம் ஒரு கல்லின் மீது ஏறியதெனக் கொள்வோம். கம்பி முறுகி, முன் வலச்சக்கரத்தையும் மேலே தூக்க முயலும். அச்சக்கரம் நிலத்தை அழுத்தும் பாரம் குறையும். பள்ளத்துக்கு மேல் அந்தரத்தில் நிற்கவும் கூடும். சாதாரண டிஃபரென்ஷல் உடைய வண்டியில் இழுவிசை முழுவதும் பிடிப்பற்ற சக்கரத்தின் அளவினால் கட்டுப்படுவதால், அந்தரத்தில் நிற்கும் சக்கரம் வீணே சுழலும். நிலத்தில் ஊன்றிய சக்கரமோ வண்டியை இழுக்காது. ஓட்டுநர் எஞ்சினை உறுமவிடுவார். சேறு பறக்குமேயன்றி வண்டி நகராது.

கம்பியின் முனைகளைக் கழற்றிவிட்டால் ஒவ்வொரு சக்கரமும் தன்போக்கில் ஏறி இறங்கும். நான்கும் நிலத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். குலுக்கலும் ஓரளவு தணியும். அமெரிக்கா முதலிய நாடுகளில் இருவர் அருகருகே அமர்ந்து செல்லும் சிறு மலைவண்டிகளை வைத்திருப்போர் பாறை நிலத்தில் இதனைக் கழற்றி ஓட்டுவது இதன் பொருட்டே. ஜீப் நிறுவனம் 2007ஆம் ஆண்டு முதல் ராங்ளர் ரூபிகன் வண்டியில் முன்கம்பியை ஒரு பொத்தானால் விலக்கும் ஏற்பாட்டைச் செய்தது. ஆயினும், வேகம் மணிக்கு ஏறத்தாழ 29 கிலோமீற்றரை மீறினால் கம்பி தானாகவே மீண்டும் இணையும்படி அதனை அமைத்தது. கம்பி இல்லாத வண்டியை வேகமாய் ஓட்டலாகாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

கழற்றும் முறை

முதலாவதாக, வண்டியைச் செய்தவர் வழங்கிய கைந்நூலைப் பார்த்து, கழற்றுதல் அனுமதிக்கப்பட்டதா என அறிதல் வேண்டும். அனுமதி இல்லையெனில் அம்முயற்சியைக் கைவிடுதலே முறை. அனுமதி உண்டெனில் கீழ்க்கண்டவாறு செய்க.

1. வண்டியைச் சமதளத்தில், சக்கரங்கள் நேராக இருக்குமாறு நிறுத்துக. எஞ்சினை அணைத்து, கைபிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க. சரிவில் இவ்வேலையைத் தொடங்கலாகாது.

2. இரு பக்கமும் ஒரே உயரத்தில் நின்றால் கம்பியில் முறுக்கு இராது. ஒரு பக்கம் தாழ்ந்திருப்பின் கம்பி முறுகிய நிலையில் இருக்கும். போல்டை உருவியதும் அது தெறித்துக் கையை முறிக்கக்கூடும். போல்ட் எளிதாய்க் கழன்றுவராவிட்டால் அடித்து எடுக்க முயலாமல், வண்டி சமமாய் நிற்கிறதா என்று மீண்டும் பார்க்க.

3. இணைப்புத் தண்டின் கீழ் நட்டைக் கழற்றி, இரு பக்கத் தண்டுகளையும் விடுவிக்க. ஒரு பக்கத்தை மட்டும் கழற்றினாலும் கம்பி பயனற்றுப் போகும். ஆனால் தொங்கும் முனை எதிலேனும் மோதும்.

4. விடுபட்ட முனைகளை மேலே உயர்த்தி, அடிச்சட்டத்துடன் உறுதியாய்க் கட்டுக. ஸ்டியரிங்கை இடம் வலமாய் முழுதும் திருப்பி, டயர், பிரேக் குழாய், சுழல் தண்டு ஆகியவற்றில் கம்பி உராயவில்லை என உறுதி செய்க.

5. சக்கரம் முன்னிலும் தாழ இறங்கும் ஆதலால் பிரேக் குழாய் இழுபடாத நீளமுடையதா எனக் காண்க.

6. முன்னும் பின்னும் கம்பியுள்ள வண்டியில் ஒருபோதும் இரண்டையும் ஒருங்கே கழற்றலாகாது. முன்கம்பியை மட்டும் விடுவித்தல் பெரும்பாலும் போதுமானது.

7. கற்பாதையைக் கடந்ததும், தாரிட்ட சாலையில் ஏறுமுன் கம்பியை மீண்டும் பூட்டுக. வண்டி தன் சக்கரங்களில் நிற்கும் நிலையிலேயே நட்டுகளைக் கைந்நூல் கூறும் அளவுக்கு இறுக்குக. சிறிது தூரம் ஓடியபின் மறுபடியும் ஸ்பானரை வைத்துப் பார்க்க.

கழற்றலாகாத இடங்கள்

கொட்டகலைப் பகுதியின் பாதைகள் பல, மலையின் இடுப்பைச் சுற்றிச் செல்பவை. ஒரு பக்கம் மண்மேடு. மறு பக்கம் தேயிலைச் சரிவு. இங்கே வண்டிக்கு நேரும் ஆபத்து, சக்கரம் அந்தரத்தில் நிற்பதன்று. வண்டி பக்கவாட்டில் கவிழ்வதே.

இரு சக்கரங்களுக்கும் இடையே 1.5 மீற்றர் அகலமும், நிலத்திலிருந்து 75 சென்ரிமீற்றர் உயரத்தில் பாரமையமும் உடைய வண்டி, அசையாது நிற்குங்கால் 45 பாகைப் பக்கச்சரிவில் கவிழும். மேலே சுமையேற்றி, பாரமையம் 1.05 மீற்றருக்கு உயர்ந்தால் 35 பாகையளவிலேயே கவிழும். கம்பி கழற்றப்பட்டதனால் உடற்பகுதி மேலும் 5 பாகை சாய்ந்தால், பாரமையம் கீழ்ப்பக்கமாய் ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் நகர்ந்து, கவிழும் சரிவு மேலும் 2 பாகை குறையும். மேற்பக்கச் சக்கரங்கள் 15 சென்ரிமீற்றர் உயரமுள்ள கல்லில் ஏறினால் அக்கணமே சரிவுடன் ஏறத்தாழ 6 பாகை சேரும். இவையனைத்தும் ஒன்றுகூடும் இடத்தில் ஓட்டுநரின் திறமை பயன்படாது. கணக்கில் வருவது கவிழும் சரிவேயன்றி, ஓட்டத்தக்க சரிவன்று என்பதையும் நினைவிற் கொள்க.

ஆகவே பக்கச்சரிவிலும், ஈரப் புல்லிலும், உயர்ந்த சுமையுடனும், ஆட்களை ஏற்றிய நிலையிலும் கம்பியைக் கழற்றலாகாது. மே முதல் செப்டெம்பர் வரையுள்ள தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் பாதையின் வெளிவிளிம்பு இளகி, கண்ணுக்கு உறுதியாய்த் தோன்றியும் சக்கரத்தின் கீழ் அமிழக்கூடும். அக்காலத்தில் கூடிய கவனம் வேண்டும்.

உழவு இயந்திரம் கற்பிக்கும் பாடம்

தோட்டங்களில் கொழுந்து இழுக்கும் நான்கு சக்கர உழவு இயந்திரத்தின் முன் அச்சு, நடுவில் ஒரே ஆணியில் கோக்கப்பட்டு, துலாக்கோல் போல் ஆடும். மேடு பள்ளத்தில் நான்கு சக்கரங்களும் நிலம் தொடுவது அதனாலேயே. ஆனால் அதே காரணத்தால், பக்கச்சரிவில் முன் அச்சு உடலைத் தாங்கிப் பிடிப்பதில்லை. அது தன் தடுப்பில் முட்டும்வரை சாய்வை எதிர்ப்பவை பின்சக்கரங்களே. அதாவது, உழவு இயந்திரம் பிறவியிலேயே சாய்வுத் தடை இல்லாதது. முன்சக்கரங்கள் மேட்டில் ஏறி இறங்கும்போது ஆசனத்தில் இருப்பவருக்குச் சாய்வு தெரியாது. பின்சக்கரம் அதே மேட்டில் ஏறும் கணத்திலேயே தெரியும். அப்பொழுது காலம் கடந்திருக்கும்.

இதன் பின்னே இணைக்கப்படும் பெட்டியில் கொழுந்துச் சாக்குகளை அடுக்கி, அவற்றின் மேல் ஆட்களை அமர்த்திச் செல்லும் வழக்கம் மிகவும் ஆபத்தானது. சாக்குகளின் மேல் அமர்ந்தவருக்குப் பிடிப்பதற்கு ஒன்றுமில்லை. பாரமையத்தை உயர்த்துபவரும் அவரே. காலை முழுவதும் மலையில் நின்று கொழுந்து பறித்தவர் மடுவத்திலிருந்து லயத்துக்கு நடந்து செல்ல விரும்பாதது இயல்பு. அவருக்கு வேண்டியது ஆசனமும் கைப்பிடியும் உள்ள தக்க வண்டியே அன்றி, கொழுந்துப் பெட்டியில் ஓர் இடமன்று. ஏறச் சொல்பவரும், ஏற அனுமதிப்பவரும் இதனை எண்ணுதல் வேண்டும்.

கொழுந்துக்கும் இதில் பங்குண்டு

குலுங்கியும் நசுங்கியும் வரும் கொழுந்து, வாடவைக்கப்படும் முன்னரே காயப்பட்டுச் சிவந்துவிடும். திணித்துக் கட்டிய சாக்குகளில் சூடேறும். இதனைத் தவிர்க்கக் கம்பியைக் கழற்றுதல் வழியாகாது. சுமை ஏற்றிய வண்டியில் அது கேட்டையே தரும். சாக்கை இறுக அமுக்காமை, பெட்டியை அளவுக்கு மேல் நிரப்பாமை, மெதுவாய் ஓட்டுதல் ஆகியவையே வழி. இவை யாவற்றினும் மேலானது பாதையைப் பழுதுபார்த்தல். கான்களைத் துப்புரவு செய்து, மழைநீர் பாதையின் குறுக்கே ஓடாது திருப்பி, துருத்தி நிற்கும் கற்களை அகற்றிவிட்டால், கம்பியைக் கழற்றும் தேவையே பெரும்பாலும் எழாது. ஒரு நாள் மண்வெட்டி செய்யும் வேலையை எந்த ஸ்பானரும் செய்வதில்லை.

நினைவிற் கொள்ள வேண்டியவை

சாய்வுத் தடைக் கம்பி சாலைக்கு நண்பன், பாறைக்குத் தடை. கழற்றிய வண்டி நடையின் வேகத்திற்கே உரியது. சுமையும் ஆளும் ஏறியபின் கம்பி பூட்டியே இருத்தல் வேண்டும். பக்கச்சரிவு கண்டால் கழற்றாதே. ஐயம் எழுந்தால் இறங்கி, பாதையை நடந்து பார். நடந்து பார்க்கத் துணியாத இடத்தில் வண்டியைச் செலுத்தலாகாது.