மாங்கனி தந்த மகிமை! காரைக்கால் போகலாம், வாருங்கள்!

திருநள்ளாறு போய் வந்தவர்கள் நம்மில் ஏராளம். நளதீர்த்தத்தில் நீராடி, தர்ப்பாரண்யேஸ்வரரையும் சனி பகவானையும் தரிசித்த கையோடு பஸ் ஏறிவிடுகிறோம். அங்கிருந்து சுமார் 5 கி.மீ. தொலைவில், சிவபெருமானே 'அம்மையே' என்று அழைத்த ஓர் இல்லத்தரசியின் ஊர் இருக்கிறதே, அங்கே போனதுண்டா?

அதுதான் காரைக்கால்! 1739-ல் பிரெஞ்சுக்காரர்கள் வசமாகி, 1954 நவம்பர் 1-ல் இந்தியாவுடன் இணைந்த கடற்கரை நகரம். பிரெஞ்சுக் கப்பல்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே வணிகர்கள் செழித்து வாழ்ந்த துறைமுகம். இங்கே, தனதத்தன் என்ற வணிகரின் மகளாக அவதரித்தவர் புனிதவதியார்.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். கணவன் பரமதத்தன் இரண்டு மாங்கனிகளைக் கொடுத்தனுப்பினான். பசியோடு வந்தார் ஒரு சிவனடியார். சோறு தயார், கறியமுது ஆகவில்லை. ஒரு கனியையே அடியாருக்குப் பரிமாறினார் புனிதவதியார். பிறகு உணவருந்திய கணவன், மற்றொரு கனியையும் உண்டு, 'இன்னொன்று எங்கே?' என்று கேட்க, இறைவனை வேண்டினார். கையில் வந்தது அருட்கனி!

அதன் சுவை வேறாக இருக்கவே, 'இது ஏது?' என்றான் கணவன். இறையருளை வெளியே சொல்வதும் தகாது. கணவன் கேட்க மறைப்பதும் தகாது. தவித்தாலும், உண்மையையே சொன்னார் அம்மையார். 'அப்படியானால் இன்னொன்று வரவழை' என்றான். வந்த கனி, அவன் கையில் கொடுத்ததும் மறைந்தது. அஞ்சிய பரமதத்தன் வாணிபத்தைச் சாக்கிட்டுக் கப்பலேறினான். பாண்டிய நாட்டில் வேறு மணம் புரிந்தான். பின்னர் அம்மையார் அங்கே வந்தபோது, மனைவி, மகளோடு அவர் காலில் விழுந்தான்!

தோழியரே, சற்று யோசியுங்கள். ஒரு பொய் சொல்லியிருந்தால் இல்வாழ்க்கை நிலைத்திருக்கும். அதை இழந்தும் உண்மையை விடவில்லை அந்தத் தாய். அழகும் இளமையும் இனி எதற்கு என்று பேயுரு வேண்டிப் பெற்று, கயிலைக்குத் தலையால் நடந்தார்; திருவாலங்காட்டில் ஈசனின் திருவடிக்கீழ் அமர்ந்தார். அறுபத்துமூவர் வரிசையில் அமர்ந்த கோலத்தில் இருப்பவர் இவர். அடுத்த முறை உங்கள் ஊர்ச் சிவாலயத்தில் கவனித்துப் பாருங்கள்!

காரைக்கால் பாரதியார் வீதியில் அம்மையார் கோயில் கொண்டிருக்கிறார். ஆண்டுதோறும் ஆனிப் பௌர்ணமியையொட்டி மாங்கனித் திருவிழா. மாப்பிள்ளை அழைப்பு, திருக்கல்யாணம் என அம்மையாரின் வாழ்க்கையே விழாவாக நடக்கும். பிட்சாடணர் வீதியுலா வருகையில், வீட்டு மாடிகளில் இருந்து மாங்கனிகளை வாரி இறைப்பார்கள். அதை முந்தானையில் ஏந்தும் பெண்களுக்குப் பிள்ளை வரம் கிட்டும் என்பது நம்பிக்கை.

ஆனியில் போக முடியாதவர்கள், காலையில் திருநள்ளாறு, மாலையில் காரைக்கால் எனத் திட்டமிடலாம். அம்மையாரை வணங்கிவிட்டு, பரமதத்தன் கப்பலேறிய அந்தக் கடலையும் பார்த்து வாருங்கள்.

வீட்டிலும் ஒன்று செய்யலாம். மாம்பழக் காலத்தில் வாங்கும் முதல் பழங்களை ஈசனுக்கு நிவேதித்து, அதில் ஒன்றைப் பசித்தவர் ஒருவருக்குக் கொடுங்கள். மீந்ததை அல்ல, நமக்கென்று வைத்திருந்ததை. அம்மையார் கொடுத்தது அப்படித்தான்!