நான் பகிர்ந்த பட்டியல்

சென்ற ஆண்டு எட்டாம் வகுப்புக்கு வகுப்பாசிரியராக இருந்தேன். உதவித்தொகைக்காக மாணவர்களின் வங்கி விவரங்களைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. மொத்தம் 36 பிள்ளைகள். பெற்றோரை ஒவ்வொருவராக அழைத்துக் கேட்க நேரமில்லை. பெயர், பெற்றோரின் கைப்பேசி எண், ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் எல்லாம் இருந்த பட்டியலைப் படமெடுத்து, "தவறு இருந்தால் தெரிவிக்கவும்" என்று வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு மாணவியின் தாய் வந்தார். நூறு நாள் வேலைக்குப் போகிறவர். "ஸ்காலர்ஷிப் ஆபீஸ்ல இருந்து பேசுறோம்னாங்க டீச்சர். புள்ள பேரு, கிளாஸு, பாஸ்புக் நம்பர் எல்லாம் சரியா சொன்னாங்க. அதான் நம்பிட்டேன்" என்றார். ஏடிஎம் அட்டை எண்களையும் கைப்பேசிக்கு வந்த ஓடிபியையும் சொல்லியிருக்கிறார். 8,400 ரூபாய் போய்விட்டது.

உடனே 1930 என்ற உதவி எண்ணை அழைத்துப் புகாரைப் பதிவு செய்தோம். வங்கியிலும் எழுதிக் கொடுத்தோம். பணம் போன உடனேயே அழைத்தால் அது சேர்ந்த கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம். நாங்கள் அழைத்தது மறுநாள். பணம் இன்னும் திரும்பவில்லை.

என் பட்டியலிலிருந்துதான் விவரம் போனது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால், அந்தக் குழுவில் 50 எண்கள் இருந்தன. சில எண்கள் யாருடையவை என்றே எனக்குத் தெரியவில்லை. அந்தத் தாயிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க என்ன பண்ணுவீங்க டீச்சர்" என்றார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அதன்பின் வகுப்பில் ஒரு பாடவேளையை இதற்காக ஒதுக்கினேன். கரும்பலகையில் மூன்று வட்டங்கள் வரைந்தேன்: வீடு, பள்ளி, உலகம். பிறந்த தேதி, வீட்டு முகவரி, கடவுச்சொல், ஓடிபி, சீருடையில் எடுத்த படம் என்று எழுதிய சீட்டுகளைக் கொடுத்து, எதை எந்த வட்டத்தில் வைக்கலாம் என்று கேட்டேன். சீருடைப் படத்தைப் பலர் 'உலகம்' வட்டத்தில் வைத்தனர். "சட்டையில ஸ்கூல் பேட்ஜ் இருக்கே மிஸ்!" என்று ஒரு மாணவன் எழுந்தான். எங்கே படிக்கிறோம், எத்தனை மணிக்கு வெளியே வருவோம் என்பதை அந்த ஒரு படமே சொல்லிவிடும் என்று பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். ஓடிபி எந்த வட்டத்திலும் சேராது என்ற முடிவுக்கும் அவர்களே வந்தார்கள்.

அடுத்து, மோசடி அழைப்பை இருவர் இருவராக நடித்துக் காட்டினார்கள். எல்லா நடிப்பிலும் மூன்று அடையாளங்கள் இருந்தன: அவசரப்படுத்துவது, பயமோ ஆசையோ காட்டுவது, யாரிடமும் சொல்லாதே என்பது. இம்மூன்றில் ஒன்று வந்தாலும் அழைப்பைத் துண்டித்துவிட்டுப் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். வீட்டுப்பாடம் ஒன்றுதான்: "பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் எண் தேவையில்லை; அனுப்புவதற்குத்தான் தேவை" என்பதை வீட்டில் ஒருவருக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டும்.

பிள்ளைகளுக்குச் சொன்னால் போதுமா? நானும் மாறினேன். இப்போது விவரங்களைக் குழுவில் போடுவதில்லை. பெற்றோரை நேரில் வரவழைத்து அவரவர் வரியை மட்டும் காட்டுகிறேன். ஆதார் நகல் தேவைப்படும் இடத்தில், ஏற்றுக்கொள்வார்கள் என்றால், கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரையே கேட்கிறேன். குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று பருவந்தோறும் சரிபார்க்கிறேன். என் வாட்ஸ்அப்பில் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கியிருக்கிறேன்.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகள் என்கிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். நம்மை நம்பித்தான் பெற்றோர் பாஸ்புக்கை நீட்டுகிறார்கள்.

இதைப் படித்து முடித்ததும் உங்கள் கைப்பேசியின் படத்தொகுப்பை ஒருமுறை திறந்து பாருங்கள். எத்தனை பிள்ளைகளின் ஆதார் அட்டைகளும் பாஸ்புக் பக்கங்களும் அதில் இருக்கின்றன? வேலை முடிந்தவற்றை இன்றே அழித்துவிடுங்கள். என் கைப்பேசியில் 112 படங்கள் இருந்தன.