வாரியப் பெருமக்கள் ஒழுக்கம்

பலர் கூடி இயற்றும் பொதுப்பணி எதுவாயினும், அதனை நடத்துவோர் இன்ன தன்மையர் ஆதல் வேண்டும் என்னும் வரையறை முன்னரே அமைதல் நன்று. ஆளைத் தேர்ந்தபின் விதி வகுக்கப் புகின், விதி அவ்வாளுக்கேற்ப வளைந்துவிடும். இவ்வுண்மையை நம் முன்னோர் ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே உணர்ந்திருந்தனர் என்பதற்கு உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் சான்றாகும்.

காஞ்சிமாநகர்க்குத் தென்பாலுள்ள உத்தரமேரூரில், வைகுந்தப்பெருமாள் கோயிற் சுவரிலே, முதற் பராந்தக சோழனது 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளில் (கி. பி. 919, 921) பொறிக்கப்பெற்ற சாசனங்கள் இரண்டு உள. அவ்வூர் மகாசபையார் ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம் முதலியவற்றிற்கு உறுப்பினரைத் தெரிந்தெடுத்த முறையை அவை கூறுகின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. குடும்புதோறும் தக்கார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, வேறுபாடறியாச் சிறுவன் ஒருவனைக்கொண்டு எடுப்பித்தனர். அவ்வோலையை மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் ஏற்று, யாவருங் கேட்ப வாசித்தான். குடவோலை முறை சங்ககாலத்தும் வழங்கிற்றென்பது அகநானூறு 77-ஆம் பாட்டில் வரும் உவமையாற் பெறப்படும்.

ஆயினும், குடத்தினுஞ் சிறந்தது, அதனுள் இடப்பெறும் பெயர்க்கு வகுத்த தகுதியே. இறை செலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேலுடைமை, சொந்த மனையிற் கட்டிய வீட்டில் வாழ்தல், 35-க்கு மேல் 70-க்கு உட்பட்ட வயது, வேதப்பயிற்சி, காரியத்தில் வல்லமை, நல்வழியில் ஈட்டிய பொருள், தூய உள்ளம், கடந்த மூன்றாண்டுகளில் வாரியஞ் செய்யாமை என்பன வேண்டப்பட்டன. முந்திய சாசனத்தில் வயதெல்லை 30 முதல் 60 வரை என்றிருந்தது. இரண்டே ஆண்டுகளில் சபையார் அதனைத் திருத்தினர். தாம் வகுத்த விதியிலுங் குறை காணும் மனம் அவர்க்கிருந்தது.

விலக்கப்பட்டோருள் பிறர்பொருள் கவர்ந்தாரும் பெரும்பாவஞ் செய்தாரும் உளர். எனினும், யாவற்றினும் கருதத்தக்கது ஒன்றுண்டு. முன்னர் வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவன் பெயர் குடம் புகலாகாது. அவனுடைய தந்தை, மகன், உடன்பிறந்தான், மாமனார், மைத்துனன், மருமகன் முதலிய உறவினர் பெயரும் புகலாகாது. உறவினர் செய்த குற்றம் யாதெனின், குற்றமொன்றுமில்லை. ஆனால், கணக்குக் காட்டாதான் தன் மைத்துனனை முன்னிறுத்தித் தான் பின்னின்று நடத்துதல் எளிது. அவ்வழியை இவ்விதி அடைத்தது. அன்றியும், தமக்கு வரும் இழுக்கை அஞ்சிச் சுற்றத்தாரே அவனைக் கணக்குக் காட்டத் தூண்டுவர் அன்றோ? குற்றமற்றாரையும் விலக்கிய கடுமையை இன்று நாம் அப்படியே ஏற்றல் இயலாது; அதன் நோக்கத்தை ஏற்றல் இயலும்.

வாரியத்தார்க்கு 360 நாளே பதவிக்காலம். இடையே ஒருவன்மேற் குற்றங் காணின், அப்பொழுதே நீக்கப்படுவான். கணக்கனும் தான் எழுதிய கணக்கைத் தானே காட்டித் தூயனெனக் கொள்ளப்பட்டாலன்றி மீண்டும் அப்பணியிற் புகுதல் இல்லை.

இச்சாசனங்களைப் புகழுமிடத்து அவற்றின் எல்லையையும் மறத்தலாகாது. அது பிரமதேய ஊர். நிலமும் வேதமும் இல்லாத உழுகுடிகளின் பெயரோ, பெண்டிர் பெயரோ அக்குடத்தில் வீழ்ந்ததில்லை. மாணவராகிய நம்மில் ஒருவர் பெயரும் வயதினாற் புகாது! ஆதலின், குலத்தையும் செல்வத்தையும் அளந்த கோலை அங்கேயே விட்டு, நாணயத்தை அளந்த கோலை மட்டும் நாம் கைக்கொள்ளுதல் தகும். ஆதித் திருச்சபையிலும், விதவைகட்குரிய அன்றாடப் பங்கீட்டில் முறுமுறுப்பு எழுந்தபொழுது, நற்சாட்சி பெற்ற எழுவரைத் தெரிந்துகொள்ளுமாறு அப்போஸ்தலர் கூறினர் என்று நடபடிகள் 6-ஆம் அதிகாரத்திற் காண்கின்றோம். அங்கும் தகுதி முன்னர் வந்தது. பெயர் பின்னர் வந்தது.

நம் மாணவர் சங்கத்திற்கும், விடுதி உணவுக் குழுவிற்கும், திருச்சபைக் குழுவிற்கும் உறுப்பினரைத் தேர்கின்றோம். "அவர் நல்லவர்; அவரிடம் கணக்குக் கேட்பது மரியாதையன்று" என்று சொல்லும் வழக்கம் நம்மிடை உண்டு. நல்லவர்க்குக் கணக்குக் காட்டுதல் இழிவன்று. அதுவே அவர்தம் நற்பெயர்க்குக் காவல். சென்ற ஆண்டின் கணக்கு அவையில் வாசிக்கப்பட்டதா என்று முதற்கண் கேட்போமாக, அதன்பின் வாக்களிப்போமாக.