ஒளித்து வைக்கலாகாத அறிவு

சிவகங்கை மாவட்டத்தில், திருப்பத்தூருக்கு அணித்தே உள்ளது திருக்கோஷ்டியூர். இராமாநுசர் இவ்வூர் நம்பியிடம் மறைபொருள் ஒன்றைக் கேட்டறியப் பதினெட்டு முறை நடந்தார் என்றும், கேட்டதனைத் தமக்கென வைத்துக்கொள்ளாது, திருக்கோயிலின் மீதேறி அனைவர்க்கும் உரைத்தார் என்றும் வைணவ மரபு கூறும். அறிந்ததைப் பிறர்க்குரைத்தல் அருட்செயல் என அவர் கொண்டார். கதிரியக்கக் கழிவைக் காப்பவர்க்கோ அஃது அருள் மட்டுமன்று. உரையாவிடின் உயிர் போகும்.

1987ஆம் ஆண்டு பிரேசில் நாட்டுக் கோயானியா நகரில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். கைவிடப்பட்ட மருத்துவ நிலையம் ஒன்றில், புற்றுநோய்க்குச் சிகிச்சை செய்யும் கதிர்வீச்சுக் கருவி கேட்பாரற்றுக் கிடந்தது. இருவர் அதனைப் பெயர்த்துப் பழைய இரும்புக் கடையில் விற்றனர். உள்ளிருந்த சீசியம் இருளில் நீல நிறமாக ஒளிர்ந்தது. கடைக்காரர் அவ்வழகில் மயங்கி, உற்றார்க்கும் நண்பர்க்கும் அதனைப் பகிர்ந்தளித்தார். மேனியில் பூசிக்கொண்டவரும் உண்டு! நால்வர் மாண்டனர், அவருள் ஒருத்தி ஆறு வயதுச் சிறுமி. ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோரைச் சோதிக்க நேர்ந்தது. நேர்ந்த பிழைகள் மறைக்கப்படவில்லை. சர்வதேச அணுசக்தி நிறுவனம் 1988இல் அவற்றை விரிவான அறிக்கையாக உலகுக்கு வெளியிட்டது.

ஆயினும், நூலகத்தை அடைந்த அறிவு பழைய இரும்புக் கடையை எளிதில் அடைவதில்லை. பயன் முடிந்த கதிரியக்கப் பொருளை உரிய அதிகாரியின் இசைவின்றி அகற்றலாகாது என நம் நாட்டில் 1987லேயே விதி செய்யப்பட்டது. எனினும் 2010ஆம் ஆண்டில், பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்றில் நெடுங்காலம் வாளா கிடந்த கருவி ஏலத்தில் விலைபோயிற்று. தில்லி மாயாபுரிக் கடைத்தெருவில் அதனை உடைத்தனர். உள்ளிருந்த கோபால்ட் பலரைத் தாக்கியது. ஒருவர் உயிர் நீத்தார்.

கதிரியக்கத்தைக் குறிக்கும் மூவிதழ் அடையாளத்தை நீங்கள் பாடநூலில் கண்டிருப்பீர்கள். கற்றவர்க்கு அஃது எச்சரிக்கை. ஏனையோர்க்கு மின்விசிறியின் படம்! இக்குறையை உணர்ந்த வல்லுநர், இந்தியா உள்ளிட்ட 11 நாடுகளில் 1,650 பேரிடம் காட்டித் தேர்ந்து, 2007இல் புதிய அடையாளம் ஒன்றைச் சேர்த்தனர். செந்நிற முக்கோணத்தினுள் பாயும் கதிர்கள், மண்டையோடு, அஞ்சி ஓடும் மனிதன்; எழுத்தறியாதவரும் அதன் பொருளை உய்த்துணரலாம். அதனைக் கருவியின் வெளிப்புறத்தில் பொறிப்பதில்லை. உறையைக் கழற்றத் தொடங்குபவர் கண்ணிற் படுமாறு உள்ளே பொறிக்கின்றனர்.