வாக்கு எண்ணும் நாளில் நண்பர்களோடு: நசரத்பேட்டைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

நசரத்பேட்டையிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே போனால் வருவது ஸ்ரீபெரும்புதூர். 1967 தேர்தலில் முதலமைச்சர் பக்தவத்சலம் தோற்றது அங்கேதான். இந்தப் பக்கம் பரங்கிமலையில், துப்பாக்கிச் சூட்டுக் காயத்தோடு மருத்துவமனையில் இருந்தபடியே எம்.ஜி.ஆர். வென்றார். விருதுநகரில் காமராசர் 1,285 வாக்குகளில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். அப்படி ஒரு முடிவு வரும் நாளை நண்பர்களோடு சேர்ந்து பார்ப்பது வாழ்நாளுக்கும் பேச வேண்டிய அனுபவம். அது கசப்பில்லாமல் நடக்கக் கொஞ்சம் முன்னேற்பாடு வேண்டும்.

1. எந்தத் தேர்தல் என்று பார்த்து நேரத்தை ஒதுக்குங்கள்

சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் காலை 8 மணிக்கு எண்ணிக்கை தொடங்கும். முதலில் தபால் வாக்குகள், அரை மணி நேரம் கழித்து இயந்திரங்கள். மாலைக்குள் போக்கு தெளிவாகிவிடும். கிராம ஊராட்சித் தேர்தல் அப்படி இல்லை. அங்கே ஒருவருக்கு நான்கு வாக்குச் சீட்டுகள்: வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றிய உறுப்பினர், மாவட்ட ஊராட்சி உறுப்பினர். பெட்டியைக் கொட்டி, நிறம் நிறமாகப் பிரித்த பிறகுதான் எண்ணவே ஆரம்பிப்பார்கள். 2020 ஜனவரி 2 காலையில் தொடங்கிய எண்ணிக்கை பல ஒன்றியங்களில் விடிய விடிய நடந்து மறுநாளும் தொடர்ந்தது. சட்டமன்றத் தேர்தலுக்குப் பகலை ஒதுக்குங்கள். ஊராட்சித் தேர்தல் என்றால் இரவையும் சேர்த்து ஒதுக்குங்கள்.

2. வீட்டில் கூடுங்கள், எண்ணும் மையத்தில் அல்ல

எண்ணும் மையத்தைச் சுற்றி நூறு மீட்டருக்குள் வாகனம் போகாது. உள்ளே போக வேட்பாளரின் முகவர் அட்டையோ அதிகாரிகளின் அனுமதியோ வேண்டும். முகவர்கள் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது. சட்டமன்ற முடிவுகள் பெரும்பாலும் மே மாத வெயிலில் வருகின்றன. வெளியே நின்று வாடுவதைவிட, தெருவில் யார் வீட்டுக் கூடமோ மொட்டை மாடியோ பெரியதோ அங்கே சேருங்கள். மாடி என்றால் சாமியானா, இரண்டு மின்விசிறி, தண்ணீர் கேன்களுக்கு முந்தின நாளே சொல்லிவிடுங்கள். மின்சாரம் போனாலும் செய்தி நிற்காமல் இருக்க, ஒரு கைப்பேசியை முழுதாகச் சார்ஜ் ஏற்றித் தனியாக வைத்திருங்கள்.

3. சாப்பாட்டுச் செலவை முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள்

காலைக்கு இட்லி, பொங்கல், மதியத்துக்குப் பிரியாணி, நடுவில் மோர், தேநீர். பணத்தை முந்தைய நாளே வசூலித்து ஒருவர் பொறுப்பில் விடுங்கள். எண்ணிக்கை நாளில் டாஸ்மாக் மூடியிருக்கும். அதற்காக முன்கூட்டி வாங்கிப் பதுக்க வேண்டாம். அந்த நாளை நிதானமாக நினைவில் வைத்திருக்கத்தானே கூடுகிறோம்?

4. எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பொதுவாக ஒரு தொகுதிக்கு 14 மேசைகள். ஒவ்வொரு மேசையும் ஒரு வாக்குச்சாவடியை எண்ணி முடித்தால் ஒரு சுற்று. தொகுதியின் வாக்குச்சாவடிகளை 14-ஆல் வகுத்தால் மொத்தச் சுற்றுகள் தெரியும். சாவடிகள் வரிசை எண்படி எண்ணப்படுகின்றன. ஆகவே முதல் சில சுற்றுகள் நம் பூந்தமல்லித் தொகுதியின் ஒரு மூலையைத்தான் காட்டும். மீதி ஊர்களின் மனம் பின்னால்தான் தெரியவரும். நாலாவது சுற்று முன்னிலையைப் பார்த்து வெடிக்கு ஓடாதீர்கள்.

தொலைக்காட்சி காட்டும் கணக்கும் தேர்தல் ஆணைய இணையதளக் கணக்கும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். ஆணையம் அதிகாரி கையெழுத்திட்ட சுற்றுகளை மட்டும் வெளியிடுவதால் சற்றுப் பின்தங்கும். ஆனால் நம்ப வேண்டியது அதைத்தான். இயந்திர எண்ணிக்கை முடிந்த பிறகும் தொகுதிக்கு ஐந்து சாவடிகளின் ஒப்புகைச் சீட்டுகளை எண்ணிச் சரிபார்ப்பார்கள். எல்லாம் முடிந்து தேர்தல் நடத்தும் அலுவலர் சான்றிதழ் கொடுத்தால்தான் வெற்றி. ஒரு நண்பர் நோட்டில் சுற்று வாரியாக எழுதி வந்தால் வாட்ஸ்அப் வதந்திகளுக்கு வேலை இருக்காது.

5. கொண்டாட்டத்துக்கு எல்லை வகுத்துக்கொள்ளுங்கள்

இரவு 10 முதல் காலை 6 வரை சத்தமிடும் வெடியும் ஒலிபெருக்கியும் கூடாது. ஊராட்சி முடிவு நள்ளிரவில் வந்தால் இனிப்பு கொடுத்து மகிழுங்கள். வெடியைக் காலைக்கு வையுங்கள். மருத்துவமனை, பள்ளி அருகே எந்த நேரமும் வேண்டாம். ஊர்வலம் என்றால் காவல் நிலைய அனுமதி அவசியம். 2021 மே 2 அன்று கொரோனா காரணமாக வெற்றி ஊர்வலங்களுக்குத் தேர்தல் ஆணையமே தடை போட்டது; இப்படி அந்தந்த நேரத்து உத்தரவையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முக்கியமாக, நெடுஞ்சாலைக்கு வராதீர்கள். வெளிவட்டச் சாலையும் பெங்களூர் சாலையும் சந்திக்கும் இடம் நம்முடையது. கன்டெய்னர் லாரிகள் நிற்காமல் ஓடும். கொடி கட்டிய இரு சக்கர வாகனத்தில் மூன்று பேராக அங்கே போவது உயிரோடு விளையாடுவது. தெருவுக்குள் ஆடுங்கள், பாடுங்கள்.

6. தோற்ற நண்பரைத் தனியே விடாதீர்கள்

கூட்டத்தில் எல்லாக் கட்சி நண்பர்களும் இருப்பார்கள், இருக்க வேண்டும். ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல்கள் கட்சிச் சின்னம் இல்லாமல் நடப்பவை. தோற்றவர் பெரும்பாலும் உங்கள் தெரு அண்ணனாகவோ அக்காவாகவோ இருப்பார். அவர் வீட்டு வாசலில் வெடி வைப்பதைப் போன்ற அற்பத்தனம் வேறில்லை. கேலிக் காணொளிகளைக் குழுவில் போடாதீர்கள். சாப்பாட்டுக்கு அவரை அழைத்து முதலில் பரிமாறுங்கள். 1967-இல் தன் கட்சி வென்ற மகிழ்ச்சிக்கு நடுவிலும், காமராசர் தோற்றதற்கு அண்ணா வருந்தினார் என்பதை அந்தக் காலத்தை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நமக்கு அதைவிடப் பெரிய முன்மாதிரி வேண்டாம்.

7. மறுநாள் காலை

வெடிக் காகிதத்தையும் இலைகளையும் கூடிய நண்பர்களே கூட்டி அள்ளுங்கள். தூய்மைப் பணியாளர் தலையில் கட்டாதீர்கள். வென்றவர் கொடுத்த வாக்குறுதிகளை ஒரு தாளில் எழுதி எல்லாரும் ஒரு படி வைத்துக்கொள்ளுங்கள். குடிநீர், மழைநீர் வடிகால், தெருவிளக்கு எதுவானாலும் தேதியோடு எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அதே நண்பர்கள், வென்ற பக்கமும் தோற்ற பக்கமும் சேர்ந்து, அந்தத் தாளோடு அவரைப் போய்ப் பாருங்கள். பதவி ஐந்து ஆண்டு. அண்டை வீட்டு உறவு ஆயுளுக்கும். இரண்டையும் காப்பாற்றத் தெரிந்த ஊருக்குத்தான் தேர்தலைக் கொண்டாடும் உரிமை முழுதாக உண்டு.